சர்வீஸ் ஆட்களின் வாய்ஸ் நோட்டை ஜாப் கார்டாக மாற்றுவது எப்படி?

ஏசி, ஆர்ஓ, இன்வெர்ட்டர், லிஃப்ட் என்று எந்த சர்வீஸ் தொழிலை எடுத்தாலும் ஆபீஸின் புலம்பல் ஒன்றுதான்: வேலை முடிந்துவிடுகிறது, ஜாப் கார்டு வருவதில்லை. கையெல்லாம் அழுக்காக நிற்பவரிடம் ஆப்பைத் திறந்து பன்னிரண்டு கட்டத்தை நிரப்பச் சொன்னால், ராத்திரி வீட்டுக்குப் போய் ஞாபகத்திலிருந்து நிரப்புவார். இல்லையென்றால் நிரப்பவே மாட்டார். ஆனால் போனை எடுத்துப் பேசச் சொன்னால் தயங்காமல் பேசுவார்.

அந்தப் பேச்சை எழுத்தாக்கி, அதிலிருந்து விவரங்களைப் பிரித்து, ஜாப் மென்பொருளில் வரைவாக உட்கார வைப்பதற்கான வழி இது. ஐந்து முதல் பதினைந்து டெக்னீஷியன்கள் உள்ள ஏசி சர்வீஸ் நிறுவனத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறது. குரல் வாங்க டெலிகிராம், இணைப்புக்கு என்8என், எழுத்தாக்கத்துக்கு ஓப்பன்ஏஐயின் விஸ்பர், ஜாப் பதிவுக்கு ஈஆர்பிநெக்ஸ்ட். நீங்கள் ஜோஹோ வைத்திருந்தாலும் படிகளின் வரிசை மாறாது.

தொடங்கும் முன் ஒன்று: பிசகக் கூடாத எதையும் குரல் வழியாக வாங்காதீர்கள். ஜாப் எண், சீரியல் எண், பணம் ஆகிய மூன்றும் வேறு வழியில்தான் வர வேண்டும். இதைக் கோட்டைவிட்டால் மற்றதை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஆபீஸ் ஒரு மாதத்தில் பழைய நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடும்.

1. கையில் இருக்க வேண்டியவையும் செலவும்

சொந்த டொமைன் பெயர் ஒன்று. டெலிகிராம் தன் செய்திகளை உங்கள் சர்வருக்குத் தள்ள ஹெச்டிடிபிஎஸ் (பாதுகாக்கப்பட்ட இணைய இணைப்பு) கட்டாயம். 443, 80, 88, 8443 என்ற நான்கு போர்ட்டுகளை (சர்வரின் நுழைவாயில் எண்கள்) மட்டுமே அது ஏற்கும். என்8என் ஓட 2 ஜிபி ரேம் உள்ள சிறிய வாடகை சர்வர் போதும். அதே பெட்டியில் ஈஆர்பிநெக்ஸ்ட்டையும் வைப்பதென்றால் 4 ஜிபிக்குக் குறைய வேண்டாம். இரண்டையும் தனித்தனியாக வைப்பது நல்லது. ஒன்று படுத்தால் மற்றது நிற்கும்.

ஓப்பன்ஏஐக்குப் பணம் கட்ட, வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவிடப்பட்ட கார்டு. நம் ஊர் கார்டுகளில் இது பெரும்பாலும் மூடியே வரும். வங்கி ஆப்பில் போய்த் திறந்து, ஒரு உச்சவரம்பும் வைத்துவிடுங்கள். சாட்ஜிபிடி பிளஸுக்கு மாதச் சந்தா கட்டுகிறோமே, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) கணக்கு தனி, பணமும் தனி. அதில் முன்பணம் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். போட்ட பணம் ஓராண்டில் காலாவதியாகும் என்பதால் மொத்தமாகப் போட்டு வைக்காதீர்கள். ஜிஎஸ்டி எண்ணை பில்லிங் பக்கத்தில் கொடுத்துவிட்டு, வரியை எப்படிக் காட்டுவது என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படிப் போகும். எட்டு டெக்னீஷியன், நாளுக்கு ஆறு ஜாப், மாதம் 26 நாள், ஜாபுக்கு ஒரு நிமிடப் பேச்சு: 1,248 நிமிடம். விஸ்பர் ஏபிஐக்கு நிமிடத்துக்கு 0.006 டாலர் வீதம் ஏழரை டாலர். எழுத்திலிருந்து விவரம் பிரிக்கச் சிறிய ஏஐ மொழி மாடல் போதும்; அதன் செலவு இதைவிடக் குறைவு. என்8என் சமூகப் பதிப்பும் ஈஆர்பிநெக்ஸ்ட்டும் சொந்த சர்வரில் ஓடும்வரை உரிமக் கட்டணம் கிடையாது. ஆக, செலவு மென்பொருளில் இல்லை. முதல் மாதம் வரைவுகளைச் சரிபார்க்க ஆபீஸில் ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டுமே, அதில்தான் இருக்கிறது.

2. டெலிகிராமா, வாட்ஸ்அப்பா?

எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள், அதிலேயே செய்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும். செய்யலாம். ஆனால் அதிகாரபூர்வமான கிளவுட் ஏபிஐ வேண்டும், அதற்கு மெட்டாவில் வணிகக் கணக்கு வேண்டும், சரிபார்ப்புக்கு ஜிஎஸ்டி அல்லது உத்யம் சான்றிதழ் வேண்டும். இங்கே வழக்கமாக மாட்டுவது பெயர்: சான்றிதழில் உரிமையாளர் பெயர், இணையதளத்தில் கடைப் பெயர் என்று இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விண்ணப்பிக்கும் முன்பே இணையதளத்தின் அடியில் சான்றிதழில் உள்ள பெயரையும் முகவரியையும் எழுத்துப் பிசகாமல் போட்டுவிடுங்கள். சரிபார்ப்பு சில நாளில் முடியலாம், வாரக்கணக்கிலும் இழுக்கலாம்.

டெலிகிராமில் எந்த ஆவணமும் வேண்டாம். அதிலேயே இருக்கும் போட்ஃபாதர் என்ற கணக்கிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் போட் (தானாகச் செய்தி வாங்கி அனுப்பும் கணக்கு) தயார். டெலிகிராமில் ஓடவிட்டு, முறை படிந்த பிறகு வாட்ஸ்அப்புக்கு மாற்றுவதே புத்திசாலித்தனம். மாற்றும்போது இரண்டை மறக்காதீர்கள்: தற்காலிக டோக்கன் (ஏபிஐயைத் திறக்கும் சாவி) 24 மணி நேரத்தில் செத்துவிடும், அதனால் சிஸ்டம் யூசர் வழியாக நிரந்தர டோக்கன் எடுக்க வேண்டும்; குரல் கோப்புக்கு வரும் முகவரி ஐந்து நிமிடம்தான் செல்லும், வந்தவுடன் இறக்கிக்கொள்ள வேண்டும்.

கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்துவைத்து அதிலிருந்து உருவும் அதிகாரபூர்வமற்ற கருவிகளும் உலவுகின்றன. எண் முடக்கப்பட்டால் கடைக்கு வாட்ஸ்அப்பில் வரும் செய்தியும் அழைப்பும் போய்விடும். வேண்டாம்.

3. எதைப் பேச வைப்பது, எதைப் பேச வைக்கக் கூடாது

காலையில் போட் ஒவ்வொரு ஜாபையும் தனிச் செய்தியாக டெக்னீஷியனுக்கு அனுப்பட்டும்: வாடிக்கையாளர் பெயர், ஏரியா, மெஷின், புகார். வேலை முடிந்ததும் அவர் அந்தச் செய்தியை இழுத்து அதற்குப் பதிலாகவே வாய்ஸ் நோட் போட வேண்டும். பதில் செய்தி வரும்போது எந்தச் செய்திக்குப் பதில் என்ற எண்ணும் கூடவே வருகிறது. அதை வைத்து ஜாபைப் பிடித்துவிடலாம். ஜாப் எண்ணை யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. பதிலாகப் போடாமல் தனியாகப் பேசி அனுப்பினால் போட் அதை ஏற்கக் கூடாது. ‘எந்த ஜாப்? அந்தச் செய்திக்குப் பதிலாகப் போடுங்க’ என்று திருப்பிக் கேட்கட்டும். பெயரை வைத்துத் தானே ஊகிக்கும்படி அமைத்தால், ஒரே தெருவில் இரண்டு செந்தில் இருக்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

சீரியல் எண்ணுக்குப் பெயர்ப்பலகையின் படம், ஒரு முறை. அடுத்த தடவை முதல் அது காலைச் செய்தியிலேயே இருக்கும். பணம் கியூஆர் வழியாகவோ ரசீது வழியாகவோ ஆபீஸுக்கு வரட்டும்.

மீதியைத்தான் பேச வேண்டும். கருவிப் பைக்குள் ஒட்டும் அளவில் ஒரு அட்டை அச்சடித்துக் கொடுங்கள்: என்ன புகார், என்ன பார்த்தேன், என்ன செய்தேன், எந்தப் பார்ட் மாற்றினேன் எத்தனை, என்ன பாக்கி. இந்த வரிசை, ஒரு நிமிடத்துக்குள். புளோயர் ஓடும் இடத்தை விட்டு நாலடி தள்ளி நின்று பேசச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது பதிவு செய்ய வேண்டாம். அவர் குரலும் பெயரும் தனிப்பட்ட தரவு. 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறிய கடை என்பதற்காகத் தானாக விலக்குத் தராது.

4. போட்டும் என்8என்னும்

போட் யாருக்கும் தானாக முதல் செய்தி அனுப்ப முடியாது. ஒவ்வொரு டெக்னீஷியனும் ஒரு முறை உள்ளே போய் ‘ஸ்டார்ட்’ அழுத்த வேண்டும். அப்போது வரும் சாட் எண்ணை ஊழியர் பெயரோடு பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத எண்ணிலிருந்து வருவதைப் போட் கண்டுகொள்ளக் கூடாது. போட்டின் பெயரை யார் வேண்டுமானாலும் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

என்8என்னில் டெலிகிராம் டிரிகரை வைக்கும்போது ‘மெசேஜ்’, ‘கால்பேக் கொயரி’ இரண்டையும் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதை விட்டால் பின்னால் வரும் பொத்தான்கள் வேலை செய்யாது. ஒரு போட்டுக்கு ஒரே ஒரு வெப்ஹூக்தான் (டெலிகிராம் செய்தியைத் தள்ளும் முகவரி) என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் ‘டெஸ்ட்’ அழுத்தினால் உண்மையான இணைப்பு அறுந்துபோகும். ஆட்கள் அனுப்பும் குரல் எதுவும் வராது, பிழைச் செய்தியும் வராது. சோதனைக்கென்று இரண்டாவது போட் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

சர்வர் படுத்தால் டெலிகிராம் செய்திகளை 24 மணி நேரம் வரைதான் பிடித்து வைத்திருக்கும். சனிக்கிழமை மாலை படுத்து திங்கள் காலை பார்த்தால் இடையில் வந்தவற்றில் கொஞ்சம் போயிருக்கும். என்8என்னின் மறையாக்கச் சாவியைத் தனியே பத்திரப்படுத்துங்கள். அது இல்லாமல் பேக்கப்பை மீட்டாலும் சேமித்த பாஸ்வேர்டு, டோக்கன் எதுவும் திறக்காது. நேர மண்டலத்தை இந்திய நேரமாக மாற்றுவதையும் விட்டுவிடாதீர்கள். காலை ஏழுக்குப் போக வேண்டிய ஜாப் பட்டியல் வேறு ஏதோ நேரத்தில் போய் நிற்கும்.

5. குரலை எழுத்தாக்குதல்

டெலிகிராம் தரும் கோப்பு ஓபஸ் முறையில் சுருக்கப்பட்டது. ஒரு நிமிடம் சில நூறு கேபிக்கு மேல் போகாது. போட் இறக்கக்கூடிய உச்சம் 20 எம்பி, விஸ்பர் ஏபிஐ ஏற்கும் உச்சம் 25 எம்பி. அளவால் தொல்லை வராது. பெயரால் வரும்: பின்னொட்டு இல்லாமல் கோப்பு போனால் ‘வடிவம் புரியவில்லை’ என்று ஏபிஐ திருப்பிவிடும். அனுப்பும் முன் ஓஜிஜி என்ற பின்னொட்டோடு பெயர் வைத்துவிடுங்கள்.

மொழியைத் தமிழ் என்று நீங்களே குறிப்பிடுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் ஆங்கிலச் சொல் மிகுந்த பேச்சை வேறு மொழி என்று எடுத்துக்கொண்டுவிடும். ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் வசதியைத் தொடாதீர்கள். டெக்னீஷியன் என்ன சொன்னார் என்ற சாட்சியே அத்தோடு போய்விடும்.

தொழில் சொற்களைக் குறிப்பாகக் கொடுக்க ஒரு பெட்டி உண்டு. அதில் கடைசி 224 டோக்கன்தான் (இங்கே டோக்கன் என்பது மாடல் எண்ணும் எழுத்துத் துண்டு) கணக்கில் வரும், தமிழ் எழுத்துகள் டோக்கனை வாரி விழுங்கும். பார்ட் பட்டியல் முழுவதையும் கொட்டினால் முன்பாதி காணாமல் போகும். அடிக்கடி தப்பாகிற பதினைந்து சொல் போதும்: கெப்பாசிட்டர், கம்ப்ரசர், பிசிபி, டிரெய்ன், ஆர்-32, ஆர்-410ஏ (ஏசி கேஸ் வகைகள்) என்று.

விஸ்பருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: மௌனத்தையும் வெறும் இரைச்சலையும் கொடுத்தால் யாரும் சொல்லாத வாக்கியத்தை எழுதித் தரும், வீடியோ பார்த்ததற்கு நன்றி என்கிற மாதிரி. பாக்கெட்டில் தவறி அழுந்திப் பதிவானவை இப்படித்தான் ஜாப் கார்டில் ஏறும். மூன்று விநாடிக்குக் குறைந்தவற்றைத் தள்ளுங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தாலும் தள்ளுங்கள்.

நம் மொழிகளுக்கென்றே செய்யப்பட்ட சர்வம், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் மாடல்கள் ஆகியவற்றையும் அதே குரல்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள். எந்த மாடலாக இருந்தாலும் தேர்வு உங்கள் ஆட்களின் குரலில்தான் நடக்க வேண்டும். நீளக் கட்டுப்பாட்டையும் பாருங்கள்: கூகுளின் உடனடி முறை ஒரு நிமிடம்வரைதான் ஏற்கும், அதற்கு மேல் வேறு வழி.

6. எழுத்திலிருந்து விவரம் பிரித்தல்

பெரும்பாலான பிழைகள் பிறப்பது இங்கேதான். இப்படி ஒரு வாய்ஸ் நோட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“அண்ணே, ஒன்னரை டன் ஸ்ப்ளிட்டு, கூலிங் இல்லைன்னாங்க. அவுட்டோர் ஃபேன் சுத்தல. கெப்பாசிட்டர் வீக்கு, மாத்தியாச்சு, ஒன்னு. கேஸ் பாத்தேன், நூத்தி இருவது இருக்கு. டிரெய்ன் அடைப்பு, ஊதி விட்டுட்டேன். பிசிபி அடுத்த தடவை மாத்தணும், கஸ்டமர்ட்ட சொல்லிட்டேன்.”

மாற்றிய பார்ட் ஒன்றுதான், கெப்பாசிட்டர். ஆனால் அலட்சியமாக எழுதிய கட்டளைக்கு மாடல் பிசிபியையும் மாற்றிய பட்டியலில் சேர்த்துவிடும். ‘மாத்தியாச்சு’, ‘மாத்தணும்’, ‘மாத்தல’ மூன்றுக்கும் இடையே சில எழுத்துதான் வித்தியாசம். பில்லில் பல ஆயிரம். எனவே பார்ட்டுகளுக்கு ஒரே பட்டியல் வைக்காதீர்கள். மாற்றியது, மாற்ற வேண்டியது, பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட்டது என மூன்று தனிப் பட்டியல் கேளுங்கள். எந்தப் பட்டியலிலும் சேராதது ‘தெளிவில்லை’ என்ற நான்காவதில் விழட்டும்.

அடுத்து, ஒவ்வொரு பார்ட்டுக்கும் பக்கத்தில் டெக்னீஷியன் சொன்ன சொற்றொடரை அப்படியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சொற்றொடர் எழுத்தாக்கத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை மாடலிடம் கேட்காமல், சாதாரண எழுத்து ஒப்பீட்டால் சோதியுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பார்ட் கற்பனை. இந்த ஒரு சோதனைக்கு ஐந்து வரி நிரல் போதும், இல்லாத சரக்கை எழுதித் தருவது பெரும்பாலும் நின்றுவிடும்.

பெயர்களை மாடலே தரப்படுத்த வேண்டாம். ‘கெப்பாசிட்டர்’, ‘கப்பாசிட்டர்’, ‘கேப்பாசிடர்’ என்று விதவிதமாக வரும். ஒரு மாற்றுப்பெயர் அட்டவணை வைத்து உங்கள் ஐட்டம் கோடுக்குக் கொண்டுபோங்கள். அட்டவணையில் இல்லாதது வந்தால் ஆபீஸ் பார்க்கட்டும், பார்த்ததும் அட்டவணையில் சேரட்டும். ஃபேன் கெப்பாசிட்டரா கம்ப்ரசர் கெப்பாசிட்டரா என்று அவர் சொல்லாவிட்டால் போட் கேட்க வேண்டும், ஊகிக்கக் கூடாது.

எண்களுக்கு வரம்பு வையுங்கள். ஒன்னரை, ரெண்டே கால், முக்கால் எல்லாம் தசமமாக வர வேண்டும் என்று கட்டளையில் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். அறுபதும் எழுபதும், தொண்ணூறும் தொள்ளாயிரமும், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். ஓடும் மெஷினில் ஆர்-22க்கு அறுபது எழுபது பிஎஸ்ஐ (கேஸ் அழுத்தத்தின் அலகு), ஆர்-32க்கு நூற்றுப் பத்திலிருந்து நூற்று நாற்பது என்று வழக்கமான அளவு உங்கள் சீனியருக்கே தெரியும். அதைத் தாண்டியது வந்தால் மென்பொருள் திருத்தக் கூடாது. கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். கேள்வியாகத் திருப்பி அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது.

சொல்லாததைக் காலியாக விடச் சொல்லுங்கள். காலி இடம் நல்லது, ஆபீஸ் கண்ணில் படும். அழகாக நிரப்பிய பொய் கண்ணில் படாது.

7. டெக்னீஷியனிடமே ஒப்புதல்

பிரித்த விவரத்தை நான்கைந்து வரியில் அவருக்கே திருப்பி அனுப்பி, கீழே ‘சரி’, ‘தப்பு’ என்று இரண்டு பொத்தான் வையுங்கள். மாற்றிய பார்ட் முதல் வரியிலேயே வரட்டும்; அவசரத்தில் முதல் வரியைத்தான் படிப்பார்கள். ‘தப்பு’ அழுத்தினால் மறுபடி பேசச் சொல்ல வேண்டும், தட்டச்சு செய்யச் சொன்னால் அடுத்த முறை படிக்காமலே ‘சரி’ அழுத்துவார்.

பொத்தானுக்குள் ஒளித்து வைக்கும் தகவலுக்கு 64 பைட்தான் இடம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் ஒரு வாக்கியம்கூட நுழையாது; வரிசை எண்ணை மட்டும் வையுங்கள். பொத்தான் அழுந்தியதும் டெலிகிராமுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவர் ஐந்து முறை அழுத்துவார்.

செய்தி வந்த நேரத்தை வேலை முடிந்த நேரமாக எடுக்காதீர்கள். பேஸ்மென்ட்டில் சிக்னல் இல்லாமல் பேசியது, அவர் சாலைக்கு வந்த பிறகுதான் உங்களுக்கு வரும்.

8. ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஏற்றுதல்

போட்டுக்கென்று தனி யூசர் உருவாக்கி, தேவையான ரோல் மட்டும் கொடுத்து, அதில் ஏபிஐ சாவி எடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் சாவியைக் கொடுக்காதீர்கள். சாவியை மறுபடி உருவாக்கினால் பழையது உடனே செத்துவிடும் என்பதையும் ஆபீஸில் சொல்லிவையுங்கள்.

பதிவு போக வேண்டிய இடம் ‘மெயின்டனன்ஸ் விசிட்’ என்ற படிவம். அதன் உள் அட்டவணையில் ‘சர்வீஸ் பெர்சன்’ என்ற கட்டம் ஊழியர் பட்டியலைப் பார்க்காது, ‘சேல்ஸ் பெர்சன்’ பட்டியலைத்தான் பார்க்கும். டெக்னீஷியன்களை அங்கேயும் சேர்க்காவிட்டால் பதிவு ஏறாது. வாடிக்கையாளர் பெயரும் அப்படித்தான், ஒரு இடைவெளி கூடினாலும் நிராகரிக்கும். காலையில் அனுப்பிய ஜாபோடு சேமித்து வைத்த பெயரை எடுத்துப் போடுங்கள், எழுத்தாக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். இத்தகைய பிழைகள் 417 என்ற எண்ணோடு வரும். இணையக் கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பிப் பயனில்லை. உண்மையான காரணம் பதிலின் உடலுக்குள் இருக்கும், அதைப் பதிவேட்டில் சேமியுங்கள்.

ஒரே குரல் இரண்டு முறை வந்து இரண்டு விசிட் உருவாவது அடிக்கடி நடக்கும். சாட் எண்ணையும் செய்தி எண்ணையும் சேர்த்துச் சேமிக்க ஒரு கட்டம் கூட்டி, அதற்கு ‘யுனிக்’ போட்டுவிட்டால் இரண்டாவதை மென்பொருளே தடுத்துவிடும்.

மெயின்டனன்ஸ் விசிட் சரக்கைக் குறைக்காது. கெப்பாசிட்டர் கணக்கில் குறைய வேண்டுமானால் தனியாக ‘ஸ்டாக் என்ட்ரி’ போட வேண்டும். ஒவ்வொரு டெக்னீஷியனின் பையையும் ஒரு கிடங்காக வைத்துக்கொண்டால் யார் கையில் எத்தனை என்பது தெரியும். காலையில் பைக்குச் சரக்கை மாற்றிக் காட்டாமல் விட்டால், மாலையில் ‘இருப்பு இல்லை’ என்று பதிவு நிற்கும். திட்டுவது போட்டை, தப்பு ஸ்டோரில்.

குரல் கோப்பையும் எழுத்தாக்கத்தையும் அந்த விசிட்டோடு இணையுங்கள், வாடிக்கையாளர் சண்டைக்கு வரும்போது உதவும். இணைக்கும்போது ‘பிரைவேட்’ என்று குறிப்பிடாவிட்டால் முகவரி தெரிந்த யாரும் கேட்கலாம். எத்தனை நாள் வைப்பது என்று முடிவுசெய்து, அதற்குப் பிறகு தானாக அழியும்படி அமையுங்கள்.

விசிட், ஸ்டாக் என்ட்ரி இரண்டும் வரைவாகவே நிற்கட்டும். ‘சப்மிட்’ அழுத்துவது மனிதர்தான்.

9. சோதனையும் காலமும்

எதையும் இணைக்கும் முன் ஒரு வாரம் குரல் மட்டும் சேகரியுங்கள். உண்மையான தளங்களிலிருந்து குறைந்தது முப்பது குரல் வேண்டும்: மொட்டைமாடி, சாலையோரம், துளை போடும் கட்டடம், ஆளுக்கொரு வட்டார வழக்கு. ஆபீஸில் உட்கார்ந்து நிதானமாகப் பேசிப் பதிவு செய்த குரலால் சோதித்தால் எல்லாம் பிரமாதமாகத் தெரியும், களத்தில் கவிழும். எழுத்துப் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். மாற்றிய பார்ட் சரியா, எண்ணிக்கை சரியா, பாக்கி வேலை விடுபட்டதா என்று இந்த மூன்றை மட்டும் ஜாப் வாரியாகக் குறியுங்கள்.

போட், இணைப்பு, பிரித்தல் எல்லாம் நிரல் தெரிந்தவர் ஒருவருக்கு இரண்டு வாரத்தில் முடியும். பிறகு இரண்டே டெக்னீஷியன்களோடு இரண்டு வாரம். ஒருவர் நிதானமாகப் பேசுபவர், இன்னொருவர் அரை வாக்கியத்தில் முடிப்பவர். அதுவரை பழைய ஜாப் கார்டும் கூடவே ஓட வேண்டும். எல்லாரையும் சேர்ப்பது அதற்கப்புறம். ஏப்ரல், மே மாதங்களில் ஏசி கடையில் இதைத் தொடங்காதீர்கள், யாருக்கும் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது, மழைக்காலம் சரி.

‘மாற்ற வேண்டியது’ பட்டியலிலிருந்து அடுத்த ஜாபைத் தானாக உருவாக்கும் ஆசை சீக்கிரம் வரும். ‘தெளிவில்லை’ பட்டியலில் வாரத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் விழும் நிலை வந்த பிறகு அதைத் திறந்துவிடுங்கள்.